டெப்பட் கவருக்குக் குளிப்பு

வா மகன், இரி. மொரிஸ் மைனர் எஞ்சினுக்கு மேல மூடுற டெப்பட் கவருக்கு அடிக்கிற பவுடர் கோட்டிங் தூள் சிவப்பா கறுப்பாண்டு மூணு நாளாக் கல்முனை பஸாரெல்லாம் கேட்டுத் திரியிறியாமே? அந்தக் கார்ச் சாதி 1948ல சீமையில பிறந்தது. நானும் அந்த வருசம்தான். எனக்கு ஒரு சாறன் எடுக்க இப்பிடி ஆரும் யோசிச்சதில்ல.

கவரைக் கழுவினியா? பெற்றோல் சீலையால ஒரு துடையா? அட என்ட சீதேவி! மருதமுனைத் தறிக்காரரக் கேட்டுப்பாரு, அழுக்குப் போகாத நூல் சாயத்தக் குடிக்குமாண்டு. நூலுக்கே அப்பிடி, இது இரும்பு.

பழைய பெயின்ட உரிக்கக் காஸ்டிக் சோடாவுல ஊறப்போடலாம். இரும்புத் தகடெண்டபடியால சொல்றன். மச்சான்ட ஜப்பான் கார்ர அலுமினியக் கவரையும் சேர்த்துப் போட்டுராத. அது பொங்கிப் பொங்கிக் கரையும். மறுகா நீ குடுக்கிறது கவரில்ல, சல்லடை.

பெயின்ட் உரிச்சு முடிய, தூள் பிடிக்கிறதுக்கு மணல் அடிக்கிற வேலைக்குச் சாய்ந்தமருதுக் கடக்கரை மண்ணு சும்மாதானே கிடக்குண்டு சாக்கோட இறங்கிராத. அதுல உப்பு, தூசி நெஞ்சையும் அறுக்கும். அதுக்கெண்டு விக்கிற கண்ணாடி மணிய வாங்கு. சில கவருக்கு உள்பக்கம் எண்ணெய் தெறிக்காம ஒரு மறைப்புத் தகடு இரிக்கும். அதுக்குப் பின்னால நாலு மணி ஒளிச்சிரிந்தாப் போதும், எண்ணெயோட இறங்கி பேரிங்கத் திண்டுபோடும். வெளியில மாப்பிள்ளைக் கோலம், உள்ள மையத்து வீடு.

தூள் படக்கூடாத இடத்த மறை: கெஸ்கட் உட்கார்ற விளிம்புக்குச் சூடு தாங்குற டேப், போல்ட் புரிக்குச் சிலிக்கோன் அடைப்பான். தூள் மின்சாரத்தாலதான் ஒட்டுது. கவரைத் தொங்கவிடுற கொக்கி படுற இடம் வெறும் இரும்பாயிரிக்கணும்.

மணல் அடிச்ச கையோட தூள் அடிச்சிரு. ஒரு ராவைக்கு வச்சாலே கடக்காத்து துருவக் கொண்டந்து குடுத்திட்டுப் போகும். நெய்ச்சோறு திண்ட கையால தொட்டியெண்டால் அந்த இடம் மட்டும் தனியா உரியும்.

மச்சான்ட அலுமினியம் வார்ப்புச் சாமான். அதுர கண்ணுக்குத் தெரியாத ஓட்டையெல்லாம் எத்தனையோ வருசமா எண்ணெய் குடிச்சிரிக்கி. தூள் வேகுற சூடு 180, 200 பாகை. அதுக்கும் ஒள்ளுப்பம் கூட வச்சு, தூள் போட முந்தி வெறுங்கவரச் சுட்டெடு. இல்லாட்டி உள்ளயிரிக்கிற எண்ணெய் புகைஞ்சு, தூளுக்கு மேல கொப்புளம் போடும்.

என்ன, கண்ணு குசினிப் பக்கம் போகுது? உம்மாட ஓவனா? தூள் சுட்ட ஓவன்ல மறுகா தின்ற சாமான் சுடப்படாது, தெரிஞ்சுக்க. பெருநாளுக்குக் கேக் அடிக்கக்குள்ளதான் அவக்கு விசயம் விளங்கும். அகப்பையத் தூக்க முந்தி நீ பள்ளிக்குப் போயிரு. என்னைக் கேட்டா, நான் ஒண்டும் சொல்லித் தரல்ல.