வில்லங்கம் பார்ப்பவர்

வங்கியின் பேனல் வக்கீல் என்பவர், கடன் கேட்டு வருபவரின் பத்திரங்களை வாசித்து, இந்தச் சொத்தை நம்பிப் பணம் கொடுக்கலாமா என்று வங்கிக்கு எழுத்தில் சொல்லும் வழக்கறிஞர். எல்லா மாவட்டங்களிலும் இவர் உண்டு. நாகர்கோவிலைச் சுற்றிய நாஞ்சில் நாட்டில் மட்டும் இவர் கொஞ்சம் கூடுதலாக முற்றியிருப்பார். அந்தப் பக்கத்துப் பத்திரங்கள் அப்படி.

கோர்ட்டில் குரல் உயர்த்துவது இவர் தொழிலில் சேராது. நாகர்கோவில் வக்கீல் என்றதும் பழைய ஆட்களுக்கு மார்ஷல் நேசமணியின் நினைவு வரும். அந்த மரபு வேறு. பேனல் வக்கீலின் வாதம் முழுவதும் பத்துப் பன்னிரண்டு தாளில் முடிந்துவிடும். எதிர்த்தரப்பு கிடையாது, நீதிபதி கிடையாது. கேட்பவர் கிளை மேலாளர் ஒருவர்தான். அவரும் கடைசிப் பக்கத்தைத்தான் முதலில் புரட்டுவார்.

இவரை அடையாளம் காண லெட்டர்பேடு போதும். வக்கீலின் பெயர்ப்பலகை அளவாக இருக்க வேண்டும், எந்த நிறுவனத்தோடும் தொடர்பு உண்டென்றோ இன்ன வேலையில் தேர்ந்தவர் என்றோ அதில் எழுதக் கூடாது என்பது இந்திய பார் கவுன்சிலின் 36-ஆம் விதி. விதிக்கு மரியாதை உண்டு. வாசல் பலகையில் பெயரும் பட்டமும் மட்டுமே இருக்கும். வங்கிகளின் பட்டியல் அங்கே இடம் கிடைக்காமல் லெட்டர்பேடுக்கும் மகளின் கல்யாணப் பத்திரிகைக்கும் போய்ச் சேரும். அந்தப் பட்டியலுக்கும் சமீப காலமாக நல்ல நேரம் இல்லை. 1945-இல் திருவிதாங்கூர் பேங்காகப் பிறந்து, 1960 முதல் எஸ்.பி.டி. என்று ஊருக்கே பழகியிருந்த வங்கி, 2017 ஏப்ரல் 1 அன்று ஸ்டேட் பேங்கில் கரைந்தது. 2019-இல் விஜயா பேங்க் போனது. 2020-இல் சிண்டிகேட், ஆந்திரா, கார்ப்பரேஷன், அலகாபாத் எல்லாம் ஒரே நாளில் போயின. அச்சடித்த தாள் தீரும்வரை, மறைந்த வங்கிகள் அத்தனையும் பேனல் வக்கீலின் லெட்டர்பேடில் உயிரோடிருக்கும்.

இதே தொழிலின் மாடிவீடு மும்பையில் இருக்கிறது. 1911-இல் கல்கத்தாவில் தொடங்கிய கைத்தான், 1917-இல் தொடங்கிய அமர்சந்த் மங்கள்தாஸ் போன்ற நிறுவனங்களின் வழிவந்தவர்கள், பல வங்கிகள் கூட்டாகக் கொடுக்கும் பெருங்கடன்களுக்கு ஒப்பந்தம் எழுதுகிறார்கள். வங்கி, நிதி வேலையில் எந்த நிறுவனம் முதல் வரிசை, எது இரண்டாம் வரிசை என்று லண்டனிலிருந்து ஆண்டுதோறும் தரப்பட்டியல் வரும். நாகர்கோவிலில் அந்தப் பட்டியலைப் பத்திர எழுத்தரும் லோன் ஏஜெண்டும் வாய்மொழியாகப் போட்டுவிடுகிறார்கள். ‘அவர்ட்ட குடுத்தா ஆறு மாசம் இழுப்பாரு வே’ என்று சொல்லப்படுபவர் முதல் வரிசை. ‘சாயந்தரம் போனா கைல கிடைக்கும்’ என்று சொல்லப்படுபவர் இரண்டாம் வரிசை. வங்கிக்கு முதலாமவரைப் பிடிக்கும். மார்ச் மாதத்தில் மட்டும் இரண்டாமவரைப் பிடிக்கும். மும்பைக்கு இந்த ஊர் வக்கீல் பெரிதாக அசந்துபோவதும் இல்லை. நாட்டின் மிகப் பெரிய சட்ட நிறுவனங்களில் ஒன்றாக இருந்த அமர்சந்த், 2015-இல் அண்ணன் தம்பிக்குள் இரண்டாகப் பிரிந்தது. தாயாரின் உயில் குறித்த வழக்கு அதற்கு முன்னே போனது. தினமும் உயிலையும் பாகப்பிரிவினையையும் விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவருக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. இரண்டு பேரும் முத்திரைத்தீர்வை சரியாகக் கட்டியிருப்பார்களா என்று மட்டும் யோசிப்பார்.

இவர் தரும் சரக்குக்கு லீகல் ஒப்பினியன் என்று பெயர். ஒரு சொத்து கடந்த முப்பது ஆண்டுகளில் யாரிடமிருந்து யாருக்கு எந்த வழியில் வந்தது என்று அதில் கோர்வையாக எழுத வேண்டும். விலையா, தானமா, உயிலா, பாகமா, ஒற்றி மீட்பா என்று ஒவ்வொரு கைமாற்றத்துக்கும் பிரமாணம், அதாவது பத்திரம், வேண்டும். பிறகு வில்லங்கச் சான்று, பட்டா, கரம் தீர்த்த ரசீது. எல்லாம் சரியென்றால் ‘கிளியர் அண்ட் மார்க்கெட்டபிள் டைட்டில்’ என்ற மந்திரம் கடைசியில் வரும். அதற்குமேல், ‘கீழ்க்கண்டவை சமர்ப்பிக்கப்படும் பட்சத்தில்’ என்று தொடங்கி ஒன்றேகால் பக்கத்துக்கு நிபந்தனைகள். உரிமை உண்டென்று சொல்ல ஒரு வரி. சொன்னது தானல்ல என்று சொல்ல ஒன்றேகால் பக்கம். கைதேர்ந்த பேனல் வக்கீலின் ஒப்பினியனை வாசித்து முடித்தவருக்குச் சொத்தின் மேல் நம்பிக்கையும், வக்கீலின் மேல் வழக்குப் போட முடியாது என்ற தெளிவும் ஒருசேர ஏற்படும்.

குமரி மாவட்டத்தில் முப்பது ஆண்டோடு யாரும் நிறுத்துவதில்லை. 1956 நவம்பர் 1 வரை இது திருவிதாங்கூர் பக்கம் கிடந்த மண். மூலப் பிரமாணம் மலையாளத்தில் இருக்கும், அல்லது மலையாளம் நினைத்துத் தமிழில் எழுதிய ஒரு நடையில் இருக்கும். தேதி கொல்லம் ஆண்டில் இருக்கும். 1098 மீனம் என்றால் 1923. அதே 1098 சிங்கம் என்றால் 1922. ஆவணியில் ஆண்டு பிறப்பதால் 824 கூட்டுவதா, 825 கூட்டுவதா என்பது மாதத்தைப் பொறுத்தது. இந்தக் கணக்கை விரல் மடக்காமல் போடுபவர் சீனியர். எழுத்தை வாசிக்க இன்னொருவர் வேண்டும்; சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே, கண் மங்கிய ஒரு பழைய ஆதார எழுத்துக்காரரை இதற்காகவே பேனல் வக்கீல்கள் தங்களுக்குள் பகிர்ந்து காப்பாற்றி வருகிறார்கள்.

எழுத்தை வாசித்தாலும் குடும்பத்தை வாசிக்க வேண்டியிருக்கிறது. நாஞ்சில் நாட்டு வேளாளரிடம் மருமக்கள்வழி இருந்தது. சொத்து மகனை விட்டுச் சகோதரி மகனிடம் போகும். அந்த ஏற்பாட்டைக் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை ‘மருமக்கள்வழி மான்மியம்’ எழுதி நையாண்டி செய்தார். கொல்லம் 1101-இல், அதாவது 1926 வாக்கில், நாஞ்சில்நாட்டு வேளாளர் சட்டம் வந்து மக்கள்வழிக்கு வாசல் திறந்தது. மான்மியத்தை வாசிக்கிறவர்கள் குடும்பத் தலைவரான காரணவரின் அட்டகாசத்துக்குச் சிரிப்பார்கள். பேனல் வக்கீலுக்கு அந்த இடத்தில் சிரிப்பு வருவதில்லை, காரணவர் தனியாகக் கையெழுத்துப் போட்டு விற்ற விலை செல்லுமா என்ற கேள்விதான் வரும். கிறிஸ்தவக் குடும்பம் என்றாலும் தப்பிக்க வழியில்லை. பழைய திருவிதாங்கூர் கிறிஸ்தவ வாரிசுச் சட்டம் 1951-லேயே செல்லாததாகிவிட்டது என்று மேரி ராய் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1986-இல் சொன்னது. சீதனம் கொடுத்தாயிற்று, இனி என்ன என்று அண்ணன்மார் பங்கு பிரித்து வீடு கட்டிய காகிதங்களில் எல்லாம் தங்கைமாரின் கையெழுத்து இல்லாத குறை அன்று முதல் தெரியத் தொடங்கியது. இவற்றோடு ஸ்ரீபண்டாரவகை நிலம் என்ற ஒன்று உண்டு. பத்மநாபசுவாமி கோயிலுக்குரியதாக இருந்து, 1964-ஆம் ஆண்டுச் சட்டத்தால், அரசுக்கு நேரடியாகத் தீர்வை கட்டும் ரயத்துவாரி நிலம் ஆனது. இதற்கெல்லாம் மேலே ரீசர்வே. பழைய சர்வே எண்ணில் இருபத்திரண்டு சென்ட், ரீசர்வேயில் பத்தொன்பது. அந்த மூன்று சென்ட் எங்கே போனது என்பதற்குப் பக்கத்து மதிலைத் தவிர வேறு சாட்சி கிடையாது.

கடன் கேட்டு வந்தவரோடு நடக்கும் பேச்சு இப்படிப் போகும்:

“சித்தப்பா செத்து நாப்பது வருசமாச்சு சார்.”

“சர்டிபிகேட் இருக்கா?”

“ஊருக்கே தெரியும் சார். பதினாறாம் நாள் அடியந்திரத்துக்கு உங்க அப்பாவும் வந்து சாப்பிட்டாருல்லா.”

“அப்பா சாப்பிட்டது சரி. பேங்குக்குத் தெரியாதே.”

வக்கீலுக்கு அந்தச் சித்தப்பாவைத் தெரியும். அவருக்கு ஆரல்வாய்மொழியில் இன்னொரு குடும்பம் இருந்ததும் தெரியும். அதைக் கேட்காமல், வாரிசுச் சான்றிதழ் வேண்டும் என்று மட்டும் சொல்வார். வாங்கப் போகும் இடத்தில் உண்மை தானாக வெளிவந்து அடுத்த வாரம் தாலுகா அலுவலக வராந்தாவில் சண்டையாக நடக்கும். வந்தவர் கொண்டுவந்த மட்டிப்பழக் குலையை மறுக்காமல் வாங்கி வைத்துக்கொள்வதில் சட்டத் தடை எதுவும் இல்லை.

தொழில் ரத்தத்தில் ஊறியபின் இவரால் சும்மா இருக்க முடியாது. கல்யாணப் பத்திரிகையைக் கொடுத்தால் வாரிசுப் பட்டியலாக வாசிப்பார். ‘காலஞ்சென்ற’ என்று ஒரு பெயருக்கு முன்னால் இருந்தால் எந்த ஆண்டு என்று கேட்பார், கனடாவில் இருக்கும் மூன்றாவது மகளின் பெயர் விட்டுப்போயிருந்தால், “பவர் ஏதும் எழுதி வாங்கியிருக்கீங்களா?” என்பார். சாவு வீட்டில் இவர் வாசல் பக்கமாக நாற்காலி போட்டு உட்கார்வதைத் துக்கம் என்று பிறர் நினைப்பார்கள். அழுகிறவர்களை எண்ணிக்கொண்டிருப்பார். யாரும் அடையாளம் சொல்லாத ஒருவர் ஓரமாக நின்று சத்தமாக அழுதால் அன்று அவருக்குச் சாப்பாடு இறங்காது.

ஒப்பினியன் கொடுத்தபின் அடைமானம். சொத்துரிமை மாற்றச் சட்டம் 1882-இன் 58-ஆம் பிரிவில் உரிமைப் பத்திரங்களை ஒப்படைத்தே அடைமானம் வைக்கும் வழி ஒன்று இருக்கிறது. ஒப்படைப்பு அரசு அறிவித்த நகரங்களில் நடந்தால் போதும். நிலம் எங்கே இருந்தாலும் சரி. பூதப்பாண்டி வயலுக்கான பிரமாணத்தைச் சென்னையில் கொடுத்தாலும் அடைமானம்தான். நேற்று கொடுத்தார், இன்று அதை நினைவுக்காக எழுதி வைக்கிறோம் என்று ஒரு குறிப்பு தயாராகும். நேற்று அந்த ஆள் வங்கிக்கே வந்திருக்க மாட்டார் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் இந்த ஒரு நாள் இடைவெளி மேல் சட்டம் வைத்திருக்கும் மரியாதை பெரிது. தமிழ்நாட்டில் இப்போது இந்தக் குறிப்பையும் பதிவு செய்துவிடுகிறார்கள்.

கிளை மேலாளருக்கும் இவருக்கும் உறவு பருவகாலத்தைப் பொறுத்தது. மேலாளர் ஆந்திரத்திலிருந்தோ பீகாரிலிருந்தோ மாற்றலில் வந்திருப்பார். ஊர்க் குடும்பங்களின் சங்கதி பிடிபடும் முன்னே அடுத்த மாற்றல் வந்துவிடும். ஏப்ரலில் ‘நிதானமாகப் பாருங்கள்’ என்பவர் மார்ச் 28 அன்று மணிக்கொரு தரம் போன் செய்வார். ஒப்பினியனுக்கான கட்டணத்தை வங்கி நிர்ணயிக்கும், கடன் வாங்குபவர் கொடுப்பார், சில ஆயிரம்தான். அந்தச் சில ஆயிரத்துக்கு ஐம்பது லட்சத்தின் பொறுப்பு.

கடன் வாராக்கடனானால் அந்தப் பொறுப்பு எழுந்து உட்காரும். 2002-இன் சர்பாசி சட்டப்படி, கோர்ட்டுக்குப் போகாமலே அறுபது நாள் நோட்டீஸ் கொடுத்து வங்கி சொத்தைக் கைப்பற்றலாம். மறுப்பவர் நாற்பத்தைந்து நாளுக்குள் மதுரைக் கடன் வசூல் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். விவசாய நிலத்துக்கு இச்சட்டம் பொருந்தாது. கடன் வாங்கும்போது ‘பங்களா சார்’ என்று சொல்லப்பட்ட இடம் நோட்டீஸ் வந்த அன்று ‘விளை’ ஆகிவிடும். நாலு தென்னையும் ஒரு பலாவும் இல்லாத வீடு குமரி மாவட்டத்தில் ஏது? வாழைக்கன்று புதிதாக நடப்பட்டிருந்தால், மண்ணின் ஈரத்தை வைத்து நோட்டீஸ் எந்தத் தேதியில் கிடைத்தது என்று வக்கீல் சொல்லிவிடுவார்.

மோசடி என்றால் இன்னும் சங்கடம். போலிப் பிரமாணத்தைப் பார்த்து ஒப்பினியன் கொடுத்ததற்காக மட்டும், சதியில் பங்கு இல்லாத பேனல் வக்கீலைக் கிரிமினல் குற்றவாளி ஆக்க முடியாது என்று நாராயண ராவ் வழக்கில் 2012-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. இந்தத் தீர்ப்பின் நகல் எல்லாப் பேனல் வக்கீல்களின் மேசையிலும் இருக்கும். பல மேசைகளில் அது ஒன்றுதான் முழுக்க வாசிக்கப்பட்ட தீர்ப்பு. ஆனால் இந்திய வங்கிகள் சங்கம் எச்சரிக்கைப் பட்டியல் ஒன்று வைத்திருக்கிறது. அதில் பெயர் ஏறினால் எந்த வங்கியும் அண்டவிடாது. பேனல் வக்கீலுக்கு நரகம் பற்றித் தெளிவான கருத்து உண்டென்றால் அது இந்தப் பட்டியல்தான்.

இவருக்கே வீட்டுக் கடன் வேண்டிவருவதும் உண்டு. தன் சொத்துக்குத் தானே ஒப்பினியன் எழுத முடியாது. வங்கி அதே பேனலில் உள்ள இன்னொருவரிடம் கோப்பை அனுப்பும். பெரும்பாலும் அவர் எதிர்வரிசை அலுவலகத்தில் இருப்பவர், முதல் வரிசைக்காரர். இரண்டு வாரம் கழித்துப் பதில் வரும்: கொல்லம் 1087 மூலப் பிரமாணத்தின் அசல், தாத்தாவின் தங்கைக்கு வாரிசுச் சான்றிதழ், கிழக்கு மதில் பக்கம் குறையும் ஒன்றரை சென்டுக்கு விளக்கம், ‘கீழ்க்கண்டவை சமர்ப்பிக்கப்படும் பட்சத்தில்.’ இவர் அன்று மாலையே மட்டிப்பழக் குலை ஒன்று வாங்கிக்கொண்டு எதிர்வரிசைக்குப் போவார். அவர் மறுக்காமல் வாங்கி வைத்துக்கொண்டு, அந்தத் தாத்தாவின் தங்கையைத் தனக்கும் தெரியும் என்பார்.