சாதி கேளாமல் சாதி அறிதல்: ஒரு வினாவியல் குறிப்பு

வினா ஆறு வகை, விடை எட்டு வகை என்று நன்னூலில் பவணந்தியார் வகுத்து வைத்தார். ஆசிரியர் மாணவனிடம் கேட்பது அறிவினா. மாணவன் ஆசிரியரிடம் கேட்பது அறியா வினா. பாம்போ கயிறோ என்பது ஐயவினா. கொளல், கொடை, ஏவல் என்பன மற்றவை. பள்ளிப் பிள்ளைகள் இன்றும் இதை உருப்போடுகிறார்கள். ஆனால் பேருந்திலும் பந்தியிலும் அலுவலகத் தேநீர் வேளையிலும் நாள்தோறும் கேட்கப்படும் "தம்பிக்குச் சொந்த ஊர் எது?" என்ற வினா இந்த ஆறில் எதற்குள்ளும் சரியாக அடங்க மறுக்கிறது. கேட்பவருக்கு அந்த ஊரில் வேலை இல்லை. போகும் உத்தேசமும் இல்லை. இக்குறையை நிரப்பவே இச்சிறு குறிப்பு.

வடநாட்டில் பெயரைக் கேட்டால் பெரும்பாலும் போதும், பின்பாதி மிச்சத்தைச் சொல்லிவிடும். இங்கே 1929இல் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு, பெயரோடு ஒட்டிய சாதிப் பட்டத்தை நீக்கச் சொன்னது. காலப்போக்கில் பெரும்பாலோர் நீக்கியும்விட்டனர். இதனால் சாதி அறிய விரும்பும் பெருமக்கள் பட்ட சிரமம் கொஞ்சநஞ்சமல்ல. ஒரே சொல்லில் முடிந்த வேலைக்கு இப்போது நான்கைந்து வினா செலவாகிறது.

முறை பின்வருமாறு. "மதுரை" என்று விடை வந்தால், "மதுரையிலேயேவா, பக்கத்துலயா?" என்று தொடர வேண்டும். கிராமத்தின் பெயர் கிடைத்ததும், "அங்க எந்தத் தெரு?" தெரு தெரிந்தால் முக்கால் ஆய்வு முடிந்தது. ஊர் ஒருபுறம், காலனி ஒருபுறம் என்று முன்னோர் விடையை நிலத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். 'காலனி' என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டப்பேரவையில் அறிவித்தபோது ஆய்வாளர் சிலர் கலங்கியிருக்கலாம். வீடுகள் இருந்த இடத்திலேயே இருப்பதால் கவலைக்கு இடமில்லை. தெருவும் பிடிபடாவிட்டால் குலதெய்வம் கைகொடுக்கும். "சென்னைதாங்க" என்று நழுவப் பார்ப்பவரை, "அது சரி, அதுக்கு முன்னாடி?" என்று மடக்கலாம். இவ்வினாவின் முன் சென்னைக்காரர் என்று எவருமே இல்லை. சில வட்டாரங்களில் வாய்மொழியே தேவைப்படாது. பாராட்டுவதுபோல் முதுகில் தட்டிச் சட்டைக்குள் நூல் தட்டுப்படுகிறதா என்று பார்த்துக்கொள்வர். கலை கடல் கடந்தும் செழித்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் 2023இல் சியாட்டில் நகரமன்றம் சாதிப் பாகுபாட்டைத் தடை செய்திருக்காது.

இம்முறைக்குச் சட்டப் பாதுகாப்பும் உண்டு. அரசமைப்பின் 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இழிவுபடுத்துவோரைத் தண்டிக்கிறது. ஊர் விசாரித்தவர் மீது வழக்குப் போட எந்தச் சட்டத்திலும் வழியில்லை. அன்பாக விசாரித்தார் என்றுதான் சாட்சியும் சொல்வார்.

வீட்டு வாடகைத் துறை இலக்கணத்துக்கு ஆற்றிய பணி தனியே குறிக்கத்தக்கது. "வீடு காலியா இருக்கா?" என்பது கொளல் வினா. உரிமையாளர் அதற்கு, "நீங்க சைவமா, அசைவமா?" என்கிறார். கேள்விக்குக் கேள்வியால் பதில் சொல்வதை வினா எதிர் வினாதல் என்பர், "செய்வாயா?" என்றால் "செய்யாமல் இருப்பேனா?" என்பதுபோல் அது சம்மதத்தைக் குறிக்கும் என்றே உரைகாரர்கள் நம்பியிருந்தார்கள். மறுப்பையும் இவ்வழியே தெரிவிக்கலாம் என்று கண்டவர்கள் நம் வீட்டு உரிமையாளர்கள்.

விடை சொல்வோர் பக்கம்தான் இன்னும் ஆராயப்படாமல் கிடக்கிறது. சிலருக்கு இது வெறும் உபசாரம். "தஞ்சாவூருங்க, மேலவீதி" என்று தொடங்கி, தாத்தாவின் தோப்பு, கோயிலில் கிடைக்கும் முதல் மரியாதை வரை கேளாததையும் சொல்லி முடிப்பார்கள். வேறு சிலர் வினா காதில் விழுந்ததுமே கணக்குப் போட்டாக வேண்டும்: மாவட்டத்தோடு நிறுத்திக்கொள்ளலாமா? அம்மாவின் ஊரைச் சொன்னால் என்ன? இவர் அந்தப் பக்கம் பெண் எடுத்தவரோ? போன மாதம் பக்கத்து மேசைக்காரரிடம் எந்த ஊரைச் சொன்னோம்? இதை ஒருநாளும் போட நேராதவருக்கு இப்படியொரு கணக்கு நடப்பதே தெரியாது. ஆகவே "நான் சாதியெல்லாம் பார்க்கிறதில்லை" என்று அவர் சொல்வது மனமறிந்த பொய்யாகாது. மணமக்கள் விளம்பரத்தில் 'சாதி தடையில்லை' என்று எழுதி, அடைப்புக்குறிக்குள் 'எஸ்.சி., எஸ்.டி. நீங்கலாக' என்று சேர்ப்பவரும் அவ்வளவு மனதாரத்தான் சேர்க்கிறார்.

தென்மாவட்டப் பள்ளிகளில் கேட்கும் சிரமத்தையே மிச்சப்படுத்திவிட்டார்கள். மணிக்கட்டுக் கயிற்றின் நிறம் விடை. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியல் சாதி மாணவர் ஒருவர், கூடப் படித்தவர்களாலேயே வீடு புகுந்து வெட்டப்பட்டார். தடுத்த தங்கைக்கும் வெட்டு விழுந்தது. பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் அளித்த அறிக்கையில் அந்தக் கயிறுகளைத் தடை செய்யச் சொன்னது. பிள்ளைகளுக்கு நிறங்களைச் சொல்லிக்கொடுத்த பெரியவர்கள் எந்தக் கயிறும் கட்டுவதில்லை.

இவற்றையெல்லாம் கேட்பவருக்கே விளக்க முற்படுவோர், சில எதிர்மொழிகளுக்கு ஆயத்தமாக இருக்க வேண்டும். "இப்பல்லாம் யார் சார் சாதி பார்க்கிறாங்க?" என்பது தோற்றத்தில் அறியா வினா, தன்மையில் அறிவினா. "எங்க தாத்தாவும் செருப்பில்லாம அஞ்சு மைல் நடந்துதான் படிச்சாரு" என்பது உண்மையாகவே இருக்கும். வழியில் எந்தத் தெருவும் அவரைத் திருப்பி அனுப்பவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லிப் பார்க்கலாம், பலன் நிச்சயமில்லை. "இட ஒதுக்கீடுதான் சாதியை வாழ வைக்குது" என்போர் கொள்கைப்படி, 1921இல் நீதிக்கட்சி அரசு வகுப்புவாரி ஆணை பிறப்பிக்கும்வரை இந்நாட்டில் சாதி இருந்திருக்க முடியாது. தஞ்சைப் பெரிய கோயிலில் ராசராசன் கல்வெட்டு 'தீண்டாச்சேரி' என்று குறிப்பிடுவது கல்தச்சரின் பிழையாகலாம்.

விளக்கத்துக்கு ஏற்ற இடம், காலம் பற்றியும் ஒரு சொல். எதிரில் இருப்பவர் மேலதிகாரியானால் பதவி உயர்வுப் பட்டியல் வெளியான பிறகு தொடங்கலாம். வீட்டு உரிமையாளரானால் பதினோரு மாத ஒப்பந்தம் முடிந்து, முன்பணம் முழுதாகக் கைக்கு வரும்வரை பொறுத்திருப்பதே முறை.