தூசுத்தடுப்பியல்: ஒரு பினாங்கு ஸ்பிட்ஃபயரை முன்வைத்து

பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை மீட்டெடுக்கப் புறப்பட்டவர் எஞ்சினுக்காகத் தூக்கம் கெடுகிறார். குரோமியப் பூச்சுக்காகக் கடன்படுகிறார். இருக்கைத் தோலின் நிறம் குறித்து மனைவியோடு பேச்சு நின்றுபோகிறது. எஞ்சின் அறையின் இரு விலாவிலும் நிற்கவேண்டிய தூசுத்தடுப்பை மட்டும் ஏறெடுத்துப் பார்ப்பாரில்லை. அகப்பாடல் தோழியைப் பற்றி அலமாரி அலமாரியாக ஆய்வேடுகள் இருக்கின்றன. தூசுத்தடுப்பைப் பற்றி ஒன்றும் என் கண்ணில் படவில்லை. அக்குறையை நீக்கவே இச்சிறுமுயற்சி.

ஆய்வுப்பொருள், டிரையம்ப் ஸ்பிட்ஃபயர். 1962 முதல் 1980 வரை இங்கிலாந்தின் கவன்ட்ரியில் கட்டப்பட்டது. ஆய்வுக்களம், பினாங்கின் ஜெலுத்தோங்கில் ஒரு தகரக் கூரையின் நிழல். வண்டிக்கு உரியவரை ‘அண்ணன்’ என்றே குறிப்போம். பெயர் வெளியே தெரிந்தால் செலவுக் கணக்கும் வெளியே தெரியும் என்று அவர் அஞ்சுகிறார்.

முதலில் குலவரலாறு. 1961இல் லேலண்ட் நிறுவனம் ஸ்டாண்டர்ட் டிரையம்பை வாங்கியபோது, தொழிற்சாலையின் ஒரு மூலையில் தூசுத்துணி போர்த்திய உருவம் ஒன்று நின்றதாம். துணியை விலக்கினால் இத்தாலிய வடிவமைப்பாளர் ஜியோவான்னி மிகெலோட்டி வரைந்த குட்டிக் கார். பணமில்லாமல் முடங்கிக் கிடந்த அந்த மாதிரிக்குப் புது முதலாளிகள் ஒப்புதல் தந்தார்கள், அதுவே ஸ்பிட்ஃபயர். ஆக இவ்வண்டியின் முதல் தூசுத்தடுப்பு துணியால் ஆனது என்பது தெளிவு. இதன் அடிச்சட்டம் டிரையம்ப் ஹெரால்டினுடையதைக் குறுக்கிச் செய்தது. அந்த ஹெரால்டுதான் 1961 முதல் சென்னையை அடுத்த வண்டலூர்ப் பக்கம் ‘ஸ்டாண்டர்ட் ஹெரால்டு’ என்ற பெயரில் தயாராகத் தொடங்கியது. தமிழ்நாட்டு டாக்டர்களும் வக்கீல்களும் ஓட்டித் தேய்த்த ஹெரால்டுக்கு ஜெலுத்தோங் ஸ்பிட்ஃபயர் ஒன்றுவிட்ட தம்பி. இந்த உறவுமுறையைச் சொன்ன பிறகுதான் அண்ணனின் மாமனார் வண்டியைத் தொட்டுப் பார்த்தார்.

இனி உறுப்பு. இக்குடும்பத்து வண்டிகளில் பானெட் என்பது வெறும் மூடி அன்று. மூக்கிலிருந்து முன்கண்ணாடி அடிவரை, இரண்டு மட்கார்டையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு ஒரே துண்டாக முன்பக்கம் கவிழும். திறந்தால் எஞ்சின், சக்கரம், சஸ்பென்ஷன் எல்லாம் வெட்டவெளியில். ஆகவே மற்ற கார்களில் மட்கார்டின் உள்சுவர் செய்யும் வேலையை இதில் தனியாக ஒரு பலகை செய்யவேண்டியிருக்கிறது. சக்கரம் வாரி இறைக்கும் புழுதியும் கல்லும் தண்ணீரும் கார்புரேட்டர் மேலும் டிஸ்டிரிபியூட்டர் மேலும் விழாமல் காக்கும் அதுவே தூசுத்தடுப்பு.

இப்பலகை எதனால் ஆனது என்பதில்தான் பாடபேதம். தொடக்க வண்டிகளில் இரும்புத் தகடு. பிற்கால வண்டிகளில் தொழிற்சாலையே அழுத்தமான அட்டையை வைத்து அனுப்பியது. ஆம், அட்டை. பினாங்கில் காற்றின் ஈரப்பதம் ஆண்டு முழுக்க 80 விழுக்காட்டை ஒட்டியே நிற்கும். இங்கே அட்டை முதலில் வளையும், பிறகு பூசணம் பூக்கும், கடைசியில் கரையான் வரும். அண்ணன் வாங்கியபோது ஒரு பக்கத்தில் அட்டை பாதி இருந்தது. மறுபக்கத்தில் முந்தைய உரிமையாளர் பிஸ்கட் டின்னை வெட்டி ஒட்டவைத்திருந்தார். ஏட்டுச்சுவடிப் பதிப்பாசிரியர்கள் இதை இடைச்செருகல் என்பார்கள்.

அட்டை மரபினர் வாதம் இது: மூலத்தில் அட்டை என்றால் அட்டையே மெய். ஜார்ஜ் டவுன் 2008இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியபின் பழைய கடைவீடுகளுக்குச் சிமெண்டு வேண்டாம், சுண்ணாம்புக் காரையே பூசுங்கள், சுவர் மூச்சுவிடட்டும் என்கிறார்களே, காருக்கு மட்டும் வேறு நியாயமா? தகட்டு மரபினர் விடை: சுண்ணாம்பு இந்த ஊர் ஈரத்தை அறிந்தது, அட்டை கவன்ட்ரியில் வெட்டப்பட்டது. நான் இரண்டாம் கட்சி. அட்டைதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்போர் அதன் இரு முகத்துக்கும் வெட்டுவிளிம்புக்கும் வார்னிஷ் கொடுத்தேனும் பூட்டுக. விளிம்பு வழியேதான் நீர் ஏறும்.

இப்போது ஆய்வின் மையச் சிக்கல். பினாங்கில் தூசு ஏது? புழுதி பாலைக்கு உரிய கருப்பொருள். இந்தத் தீவோ சுற்றிலும் நெய்தல், நடுவே 800 மீட்டருக்கு மேல் உயர்ந்த கொடிமலையால் குறிஞ்சி. வாரத்துக்கு நாலு நாள் மழை. சுமத்ராவில் காடு எரியும் மாதங்களில் வரும் புகைமூட்டத்தைப் பலகை வைத்துத் தடுக்க முடியாது. அப்படியானால் இங்கே தூசுத்தடுப்பு எதைத் தடுக்கிறது?

முதல் விடை, தேங்காய். தைப்பூசத் தேர் பினாங்கு வீதிக் கோயில்வீட்டிலிருந்து தண்ணீர்மலைக்குப் புறப்படும் நாளில் வழிநெடுகத் தேங்காய்களைக் குன்றுபோல் குவித்து உடைப்பார்கள். இந்தியர், சீனர் என்ற பேதமில்லை. ஓடுகளை வாரி அள்ள இயந்திரமே வரும். மறுநாள் அந்தச் சாலையில் சக்கரம் எற்றுவது தூசு அன்று. தேங்காய்த் தண்ணீர், நார், சில்லு. டிஸ்டிரிபியூட்டர் மூடிமேல் இனிப்பு நீர் படிந்து காய்ந்தால் எறும்பு வரும். இதை எந்த வர்க்‌ஷாப் கையேடும் சொல்லவில்லை. வண்டலூர்ச் செம்மண்ணுக்கும் கவன்ட்ரிச் சேற்றுக்கும் நூல் செய்தவர்கள் தண்ணீர்மலைத் தேங்காய்க்குச் செய்யாதது நூலின் குறையே.

“அதெல்லாம் வேணாம்லா அண்ணே, அடச்சிட்டா எஞ்சின் சூடாவும்,” என்பது பொமென், அதாவது மெக்கானிக், எழுப்பிய தடை. பினாங்குப் பாலத்தில் 13.5 கிலோமீட்டரும் ஊர்ந்து கடந்தவர் இக்கவலையை எள்ளமாட்டார். விடை வருமாறு. விலாப்பலகையைக் கழற்றினால் சூடான காற்று சக்கரப் பக்கம் கொஞ்சம் வெளியேறும், மெய்தான். ஆனால் ரேடியேட்டருக்கு இருபுறமும் நிற்கும் சிறு பலகைகளைக் கழற்றினால் கிரில் வழி வந்த காற்று ரேடியேட்டருக்குள் நுழையாமல் பக்கவாட்டில் நழுவிவிடும். பலர் அதைக் கழற்றிப் போட்டுவிட்டு விலாப்பலகையைத் திட்டுகிறார்கள். பொமென் கோப்பியை ஓர் இழுப்பு இழுத்துவிட்டு, “ரேடியேட்டர்கிட்ட எங்கண்ணே பலகை?” என்றார். இல்லை. பிஸ்கட் டின் உரிமையாளரின் கைங்கரியம்.

பூட்டும் முறை. பழைய பலகையை, பாதியானாலும், எறியாதே. ஓட்டைகள் இருக்குமிடம் அதில்தான் இருக்கிறது. அதை வைத்துக் காகிதத்தில் அச்செடுத்து அலுமினியத் தகட்டில் வெட்டவேண்டும். பக்கத்துத் தெரு ஹொக்கியன் தகரவேலைக்காரர் அச்சைப் பார்த்து “போலே, போலே” (முடியும், முடியும்) என்றார். அன்று மாலையே கொடுத்தார். எஞ்சின் மவுண்டு, ஸ்டியரிங் தண்டு, எக்ஸாஸ்ட் வேலை எல்லாம் முடிந்தபின் கடைசியாகத்தான் பலகை ஏறவேண்டும். முந்தினால் ஸ்பேனர் உள்ளே போகாது. விளிம்பில் ரப்பர் பட்டை. வாஷர் வைத்து எல்லா ஸ்குரூவையும் பாதிப் பாதி ஏற்றிவிட்டுப் பிறகே இறுக்குக. முதலாவதை முழுக்க இறுக்கியவனுக்குக் கடைசி ஓட்டை நேர்ப்படுவதில்லை.

தூசுத்தடுப்பு எதைத் தடுக்கிறது என்பதற்கு இரண்டாம் விடையே இக்கட்டுரையின் துணிபு. பானெட்டை முழுசாகக் கவிழ்த்தால் வண்டியின் வயிறு தெருவுக்கே தெரிகிறது. கோப்பிக்கடையிலிருந்து ஒருவர், பள்ளிவாசலிலிருந்து ஒருவர், லாட்டரிச் சீட்டோடு ஒரு பாட்டி, ஆளுக்கொரு யோசனை. பலகை ஏறிய அன்று எஞ்சினின் கீழ்ப்பாதி மறைந்தது, யோசனையும் பாதியானது. அண்ணன் அன்றுதான் முதன்முறையாகச் சாப்பாட்டு நேரத்துக்கு வீட்டுக்குப் போனார்.

எஞ்சியது ஒரு சிக்கல். பானெட் திறந்த ஸ்பிட்ஃபயரில் முன்டயர்மேல் உட்கார்ந்து வேலைசெய்வது உலக வழக்கு. உட்கார்ந்தவர் முட்டி நேராகப் பலகையில்தான் முட்டும். புது அலுமினியத்தில் வட்டமாக ஒரு பள்ளம் விழுந்திருப்பதைக் கண்ட அண்ணன், தகட்டுக்குக் குறுக்கே இரண்டு வரிப்புடைப்பு தட்டினால் விறைப்பு கூடும் என்று தகரவேலைக்காரரிடம் போகப் பார்த்தார். பொமென் பள்ளத்தில் முட்டியை வைத்துப் பார்த்தார். அளவு சரியாக இருந்தது.

“தட்டாதீங்கண்ணே. அந்தப் பக்கமும் இதே மாதிரி ஒண்ணு போட்டுருவோம்.”