மிர்சாப்பூர் மணி

மிர்சாப்பூர் பக்கம் சூரியன் உச்சிக்கு வந்தால் தேசத்துக்கே பகல் பன்னிரண்டு. இது 1906-இல் போட்ட உத்தரவு. சூரியனுக்கு இன்னும் நகல் போய்ச் சேரவில்லை.

அருணாசலப் பிரதேசத்தின் டோங் கிராமத்தில் ஜூன் மாதம் நாலரைக்கு முன்பே பொழுது பளிச்சென்று விடிந்துவிடும். கட்ச் கோடியிலுள்ள குஹார் மோட்டியில் அப்போது கும்மிருட்டு. சூரியன் அங்கே போய்ச் சேர ஏறக்குறைய இரண்டு மணி நேரம் ஆகும். டோங்வாசி மாட்டை ஓட்டிவிட்டு, விறகு பொறுக்கி, ஒரு தூக்கமும் போட்டு எழுந்தாலும் அரசு அலுவலகம் திறந்திருக்காது. பத்து மணி என்றால் பத்து மணிதான். (பத்துக்குத் திறப்பார்களா என்பது எல்லா ஊருக்கும் பொதுவான கேள்வி.) டிசம்பரிலோ, ஐந்து மணிக்கு முன்பே இருட்டிவிடும். அலுவலகம் மட்டும் மின்விளக்கைப் போட்டுக்கொண்டு கடமையாற்றும்.

அசாம் தேயிலைத் தோட்டத்துக்காரர்கள் யாரிடமும் மனுப் போடவில்லை. வெள்ளைக்காரன் காலத்திலேயே கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளி, அதற்கு ‘பாகான் நேரம்’ என்று பேரும் வைத்துவிட்டார்கள். தோட்டத்தில் ஒன்பது மணி. கேட்டைத் தாண்டிச் சாலைக்கு வந்தால் எட்டு. செலவில்லாமல் ஆயுளில் ஒரு மணி நேரம் கூடுகிறது.

2017-இல் அருணாசல முதல்வர் பேமா காண்டு தனி நேரம் கேட்டார். இரண்டு நேரம் வைத்தால் ரயில்கள் குழம்பும் என்பது இதற்கு வழக்கமாக வரும் பதில். நாடு முழுக்க ஒரே நேரம் என்பதால் இப்போது ரயில்கள் குழம்புவதில்லை என்று சொல்கிறவர்கள், பிளாட்பாரத்தில் படுத்துத் தூங்கியவர்கள் இல்லை.