தாங்காத் தாங்கி: பழைய போர்ஷே 911-இன் மூடி வீழ்ச்சி பற்றி ஓர் ஆராய்ச்சியுரை

ஆய்வுப் பொருள்: 1963-இல் பிராங்க்ஃபர்ட் கண்காட்சியில் அறிமுகமான போர்ஷே 911 வகைக் கார்களில் வயதேறியவற்றின் டிக்கி மூடியைத் தூக்கி நிறுத்தும் கேஸ் ஸ்ட்ரட்டுகள். ஆய்வெல்லை: அவை தூக்கி நிறுத்தாமை. இந்தக் காரில் எஞ்சின் பின்னால் இருப்பதால் டிக்கி முன்னால் போய்விட்டது. இதனால் எழும் திசைக்குழப்பம் தனி ஆய்வுக்கு உரியது. நாம் விழும் மூடிக்கு வருவோம்.

வீழ்ச்சி மூன்று பருவங்களை உடைத்து. முதற்பருவத்தில் மூடி முழு உயரம் போகாமல் ஒரு சாண் குறைவாக நிற்கும். இடைப்பருவத்தில் காற்று அடிக்காத வரை நிற்கும். கடைப்பருவத்தில் உரிமையாளர் உள்ளே குனியும் வரை நிற்கும்.

காரணம் யாது? ஸ்பிரிங் தளர்ந்தது என்பாரும் உளர். அது பொருந்தாது. என்னை? உள்ளே ஸ்பிரிங்கே இல்லை. இருப்பவை அழுத்தி அடைத்த நைட்ரஜன், கொஞ்சம் எண்ணெய், சிறு துளையுள்ள ஒரு பிஸ்டன். துளை வழியே வாயு போய் வருவதால் பிஸ்டனின் இருபுறமும் அழுத்தம் ஒன்றே. அஃதேல் தண்டு ஏன் வெளியே தள்ளப்படுகிறது எனின், ஒரு புறத்தில் தண்டு தன் பருமனுக்கு இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. அந்தப் பரப்பளவுக்கு மட்டும் வாயு எதிர்த்துத் தள்ளுவதில்லை. மூடியைத் தூக்குவது அந்தச் சிறு மிச்சம்தான். 8 மி.மீ. தண்டுக்கு அது சுமார் 50 சதுர மி.மீ.; சட்டைப் பொத்தானை விடச் சிறியது. இதிலிருந்து 300 நியூட்டன் விசை கிடைக்க வேண்டுமானால் உள்ளே வளிமண்டலத்தைப் போல் ஏறத்தாழ 60 மடங்கு அழுத்தம் வேண்டும். இத்தனையையும் ஒரு ரப்பர் சீல் ஆண்டுக்கணக்கில் பிடித்து வைத்திருந்ததே வியப்பு, விட்டுவிட்டதில் வியப்பில்லை.

விழும் மூடியை எதிர்கொள்வோர் பல மரபினர். தொன்மையானது தடிமரபு: துடைப்பக் கட்டையை அளவாக அறுத்து டிக்கிக்குள்ளேயே வைத்திருத்தல். ஐயத்துக்கு இடமில்லாத ஏற்பாடு. இம்மரபினர் மேல் இவ்வாசிரியனுக்கு மதிப்பு உண்டு. தலைமரபினர் பிரேக் ஆயில் அளவைப் பார்க்கும்போது மூடியை உச்சந்தலையால் தாங்குவர். இவர்கள் விரைவில் பிற மரபுகளுக்கு மாறிவிடுகின்றனர். குழாய்மரபினர் நெடுக்கே பிளந்த பிளாஸ்டிக் குழாய்த் துண்டைத் தண்டின் மேல் மாட்டி, அது உள்ளே இறங்காமல் தடுப்பர். குறடுமரபினர் அதே தண்டை வைஸ் கிரிப் கொண்டு கவ்வுவர். மூடி நிற்கும், மறுப்பதற்கில்லை. ஆனால் குறட்டின் பல் பட்ட இடத்தில் கீறல் விழும். தண்டு உள்ளே போகும்போது அந்தக் கீறல் சீலை அறுக்கும். மிச்சமிருந்த வாயுவும் வெளியேறும். பிறகு குறடு இல்லாமல் முடியாது. தன் தேவையைத் தானே நிலைநாட்டிக்கொள்ளும் மருத்துவம் இது.

மரபுகள் நீடிப்பதற்குப் பருவநிலையும் துணை. வாயு குளிர்ந்தால் அழுத்தம் குறையும்; 30 டிகிரியிலிருந்து 0-க்கு இறங்கினால் விசையில் சுமார் பத்தில் ஒரு பங்கு போய்விடும். ஆகவே ஸ்டுட்கார்ட்டில் ஜனவரியில் தலையில் விழுந்த மூடி ஜூலையில் நிமிர்ந்து நிற்கும். "தானே சரியாகிவிட்டது" என்னும் சித்தாந்தம் கோடையில் நிறுவப்பட்டுக் குளிரில் மறுக்கப்படுகிறது.

"அப்படியானால் இருப்பதிலேயே வலுவான ஸ்ட்ரட்டை மாட்டினால் என்ன?" என்பது மாணாக்கர் வினா. அற்றன்று. விசை மிகுந்தால் தகடு வளையும், கீல் முறுகும், மூடுவதற்கு உள்ளங்கையால் அழுத்தி அழுத்தித் தகட்டில் பள்ளமும் விழும். விசை மூடியின் எடைக்கு ஒத்திருக்க வேண்டும் என்பதற்குப் பின்பக்க எஞ்சின் மூடி சான்று. 1972 பாரிஸ் கண்காட்சிக்கு வந்த கரேரா ஆர்எஸ் 2.7-இன் மூடியில் வாத்துவால் போன்ற தடுப்பு முளைத்தது. பின்னர் டர்போவில் அது திமிங்கில வாலாகப் பெருத்தது. வாலுள்ள மூடிக்கும் வாலில்லா மூடிக்கும் ஸ்ட்ரட் வேறு. வாலைப் பின்னாளில் ஆசைக்காகப் பொருத்திவிட்டுப் பழைய ஸ்ட்ரட்டையே நம்பியோர் தடிமரபில் சேர்ந்தனர்.

இனிச் செப்பனிடுதல். இதில் சொல்ல அதிகம் இல்லை என்பதுதான் இத்துறையின் சங்கடம். மூடிக்குத் தடியை முட்டுக் கொடுத்து, கிளிப்பையும் பின்னையும் உருவி, பழைய உருளை மேல் அச்சிட்ட நியூட்டன் எண்ணுக்கு ஒத்த புதியதை மாட்ட வேண்டும். இரு ஸ்ட்ரட்டுகளையும் சேர்த்தே மாற்றுக. ஒன்று புதிது, ஒன்று பழையது என்றால் மூடி கோணும். மூடிய நிலையில் தண்டு கீழ்நோக்கி இருப்பது நலம், எண்ணெய் சீலருகே தேங்கி அதை உலராமல் காக்கும் ஆதலின். கால் மணி நேர வேலை. அதைத் தள்ளிப்போடுவதற்காக அறுக்கப்பட்ட கட்டைகளும் பிளக்கப்பட்ட குழாய்களும் இதைவிடப் பல மடங்கு உழைப்பைத் தின்றவை என்க.

கழற்றிய ஸ்ட்ரட் பற்றி ஒரு புறனடை. அது செத்தது என்று நம்பி ரம்பத்தால் அறுப்பதோ நெருப்பில் போடுவதோ ஆகாது. உள்ளே இன்னும் அழுத்தம் உண்டு. மூடியைத் தாங்க மட்டும்தான் அதற்குத் தெம்பில்லை.