பாட்டு எங்கே கிடைக்கும்?

நாலு பேர் சேர்ந்து பேண்ட் ஆரம்பித்துவிட்டோம். கிடார், டிரம்ஸ், பெயர் எல்லாம் ரெடி. பாட்டுதான் வரவில்லை!

டி-ஷர்ட் அச்சடித்தாயிற்றா? அப்படியானால் பாதி வேலை முடிந்தது. மீதிக்குப் பழைய சாமான் கடைக்குப் போங்கள். 1967-ல் ஜான் லெனன் அப்படி ஒரு கடையில் 1843-ஆம் ஆண்டு சர்க்கஸ் போஸ்டரை வாங்கினார். அதிலிருந்த குதிரையும் வளையமும் வித்தைக்காரர்களும் அப்படியே பீட்டில்ஸ் பாட்டுக்குள் குடியேறினார்கள்.

மெட்டு வந்துவிட்டது. வரி வரவில்லையே?

வீட்டில் முட்டை இருக்கிறதா? 'யெஸ்டர்டே' மெட்டு பீட்டில்ஸின் பால் மெக்கார்ட்னிக்குக் கனவில் வந்தது. வார்த்தை கிடைக்கும்வரை 'முட்டைப் பொடிமாஸ்' என்று பாடித்தான் சமாளித்தார். 1965-ல் பாட்டு வெளிவந்தபோது பொடிமாஸ் காலி. மெட்டு மட்டும் ஆறவே இல்லை.

எனக்குக் கனவு வருவதில்லை, தூக்கம்தான் வருகிறது.

தாராளமாகத் தூங்குங்கள், பக்கத்தில் ரெக்கார்டரை வைத்துவிட்டு. ரோலிங் ஸ்டோன்ஸின் கீத் ரிச்சர்ட்ஸ் 'சாட்டிஸ்ஃபேக்ஷன்' மெட்டை அப்படித்தான் பிடித்ததாகச் சொல்வார். டேப்பில் கொஞ்சம் கிடார், மீதி குறட்டை. உங்கள் டேப்பில் குறட்டை மட்டும் இருந்தால் டிரம்மரிடம் கொடுங்கள். தாளமாவது தேறும்.

காதல் தோல்வி இருந்தால்தான் நல்ல பாட்டு வருமாமே?

நெஞ்சுதான் புகைய வேண்டும் என்பதில்லை. 1971 டிசம்பரில் சுவிட்சர்லாந்தின் மான்ட்ரூவில் ஒரு கேசினோ எரிந்தது. ஆல்பம் பதிவு செய்ய அங்கே போயிருந்த டீப் பர்ப்பிள் பேண்ட்காரர்கள், ஏரிமேல் படர்ந்த புகையைப் பார்த்தார்கள். பாட்டாக்கினார்கள்.

கண்ணை மூடி யோசித்தது போதும். கொஞ்சம் திறந்து பாருங்கள்.