மிளகாய் போடாத கோழிக் குழம்பு

எல் ஜதீதா, மொராக்கோ

அன்புள்ள அக்காவுக்கு,

"அங்கே என்னத்தைத்தான் தின்கிறாய்?" என்று போனில் கேட்டுக்கொண்டே இருக்கிறாய். வாயால் சொன்னால் பாதியில் "ஐயோ" என்று போனை வைத்துவிடுவாய். அதனால்தான் கடிதம்.

இங்கே கோழிக் குழம்பில் மிளகாய் கிடையாது. தாளிப்பு கிடையாது. தேங்காயும் கறிவேப்பிலையும் கனவில்தான். பொறு, இன்னும் இருக்கிறது: ஊறுகாயைக் குழம்புக்குள்ளேயே போட்டுச் சமைக்கிறார்கள்.

சட்டிக்கும் தஜீன்தான் பெயர், குழம்புக்கும் அதே பெயர்தான். மண்சட்டி, மூடி மட்டும் சர்க்கஸ் கோமாளியின் தொப்பி மாதிரி கூம்பாக இருக்கும். ஆவி மேலே போய்க் குளிர்ந்து திரும்பச் சட்டிக்குள்ளேயே சொட்டுவதால் அரை டம்ளர் தண்ணீர் போதும். புதுச்சட்டி பழக்குகிற சடங்கு இங்கேயும் உண்டு. ராத்திரி முழுக்கத் தண்ணீரில் ஊறப்போட்டு, எண்ணெய் தடவி, இளஞ்சூட்டில் காயவைக்க வேண்டும்.

எனக்கு வாத்தியார் கீழ்வீட்டுப் பெரியம்மா. அவர் பேசுவது அரபி. எனக்குப் புரிவது அதட்டல் மட்டும். மூன்று கிலோ கேஸ் சிலிண்டர், அதன் தலையிலேயே அடுப்பு, அதன்மேல் தஜீன். மூடியைத் தொட்டால் கையில் அடி. அவரும் திறந்து பார்ப்பதில்லை. குனிந்து காதைக் கொடுத்துக் கேட்கிறார், உள்ளே சத்தம் கூடினால் தீயைக் குறைக்கிறார். டாக்டர்கூட நம் நெஞ்சை இவ்வளவு அக்கறையாகக் கேட்டதில்லை.

எழுதிக்கொள். கோழி ஒரு கிலோ. இங்கே நாட்டுக்கோழிக்கு பெல்தி என்று பெயர், பிராய்லருக்கு ரூமி. விலை வித்தியாசம் நம்மூர் மாதிரியேதான். பெரிய வெங்காயம் இரண்டைத் துருவி, பூண்டு நாலு பல் நசுக்கி, சுக்குப்பொடி ஒரு ஸ்பூன், மஞ்சள்பொடியும் மிளகுப்பொடியும் அரை அரை ஸ்பூன், குங்குமப்பூ ஒரு சிட்டிகை, தாராளமாக ஆலிவ் எண்ணெய் சேர்த்துக் கோழியில் பிசறு. வதக்காதே, கை துறுதுறுக்கும், பொறுத்துக்கொள். கொத்தமல்லியையும் பார்ஸ்லியையும் நூலால் கட்டி மேலே போட்டு, சிறுதீயில் ஒரு மணி நேரம். கடைசிப் பத்து நிமிடத்தில் உப்பில் ஊறிய எலுமிச்சையின் தோலையும் (உள்சதையை வழித்துவிடு) ஒரு கைப்பிடி ஆலிவ் காயையும் போடு. உப்பு அதற்கப்புறம் பார்த்துப் போட்டால் போதும். வெங்காயம் கரைந்து, சாறு சுண்டி எண்ணெய் பிரிந்து மஞ்சளாக மின்னும்.

சாப்பிடுவதுதான் பரீட்சை. எல்லோருக்கும் நடுவில் ஒரே சட்டி. ரொட்டியைப் பிய்த்து, வலதுகை மூன்று விரலால் அவரவர் எதிரே இருப்பதை மட்டும்தான் எடுக்க வேண்டும். கறி கடைசியில். கால் துண்டு எதிர்ப்பக்கம் கிடக்கும். கையை நீட்டினால் மரியாதை போச்சு. பெரியம்மா மனமிரங்கி அதை என் பக்கம் தள்ளும்வரை ரொட்டியை மென்றுகொண்டிருப்பேன்.

ஒருநாள் சோறு கேட்டேன். வந்தது. ஆறிப்போன சோற்றில் சூரை மீனைக் கலந்து, காய்கறியோடு சாலட் என்று வைத்தார்கள்! கூட வேலை பார்க்கும் மதுரைக்காரர் சட்டைப் பையில் மிளகாய்ப்பொடிப் பொட்டலத்தோடு அலைவது ஏன் என்று அன்றைக்குத்தான் புரிந்தது. ஆனாலும் அக்கா, அந்தப் பொட்டலம் தஜீனுக்குத் தேவையே இல்லை. எலுமிச்சையின் புளிப்பும் சுக்கின் காரமும் சேர்ந்தால் நாக்கு வேறெதையும் கேட்பதில்லை.

உங்கள் வீட்டு மீன்சட்டியில் செய்யாதே, வாடை போகாது. வேறு மண்சட்டியில் கனமான மூடி போட்டுச் செய். காய்ந்த எலுமிச்சை ஊறுகாய் சரிப்படாது, மிளகாய்ப்பொடி சேராமல் உப்பில் மட்டும் ஊறியது வேண்டும். ஞாயிற்றுக்கிழமை செய்துவிட்டு அத்தான் என்ன சொன்னார் என்று மறைக்காமல் எழுது. அவர் ரசம் கேட்டால் கொடுத்துவிடு, சண்டை வேண்டாம்.

அன்புத் தம்பி